யாரு என்று கேட்டவர் பாட்டில் கழுவணும்

போன வாரம் இரண்டு இளம் மருந்தாளர்கள் என் வீட்டுக்கு வந்தார்கள். ஒரு பையன், ஒரு பெண். நான் ஓய்வு பெற்ற இடத்தில்தான் இப்போது வேலை பார்க்கிறார்கள். அங்கே புதிதாக வாராந்திரக் கூட்டம் ஆரம்பித்திருக்கிறார்களாம். வாரத்தில் நடந்த தவறுகளை எல்லோரும் உட்கார்ந்து பேசித் திருத்திக்கொள்ள வேண்டுமாம்.

"ஆனா சார், கூட்டம் ஆரம்பிச்சா எல்லாரும் தரையைத்தான் பாக்குறாங்க. ஒருத்தரும் வாயைத் திறக்கறதில்ல" என்றாள் அந்தப் பெண்.

"முதல் கேள்வி என்ன கேக்குறாங்க?"

"யாரு செஞ்சதுன்னு."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அப்ப கேட்டவரைப் பின்பக்கம் அனுப்பி பாட்டில் கழுவச் சொல்லுங்க" என்றேன். கிழவருக்கு என்னவோ ஆகிவிட்டது என்பது போல அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். வயதாகியும் எனக்கு நிதானம் வரவில்லை. கொஞ்சம் ஓட்டமாகத்தான் சொல்வேன், கூடவே ஓடி வாருங்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நான் பிரவே பரீட்சை தேறியிருந்தேன். பிரெஞ்சுக்காரன் ஆண்ட ஊரில் அது பெரிய பட்டம். ஆனால் என் கண்ணெல்லாம் அதே பிரெஞ்சுக்காரன் ஆண்ட சைகோனுக்குப் போகும் கப்பல் மேல். ஊரில் பாதிப் பேருக்கு அங்கே ஒரு மாமாவாவது சித்தப்பாவாவது உத்தியோகத்தில் இருந்தார். எனக்கும் ஒரு மாமா இருந்தார். அவரிடமிருந்து பதில் வரும்வரை சும்மா திரியக் கூடாது என்று அப்பா என்னை ஒரு மருந்துக்கடையில் சேர்த்துவிட்டார். கடற்கரைக்கும் பெரிய கடைத்தெருவுக்கும் நடுவில் இருந்த கடை. நாலு மாதம் இருந்தால் அதிகம் என்று நினைத்துக்கொண்டு போனேன். தராசைத் துடைத்தேன், தக்கை வெட்டினேன், லேபிள் எழுதினேன், லத்தீன் பெயர்களை மனப்பாடம் செய்தேன். பயிற்சிக் காலம் அவ்வளவுதான். அதைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை.

சொல்ல வேண்டியது எங்கள் முசியேவைப் பற்றி.

கடைக்காரர் பெயர் சவரி. கத்தோலிக்கத் தமிழர், பிரான்சு சட்டப்படி குடிமகன், சைகோன் ராணுவ ஆஸ்பத்திரியில் மருந்தாளராக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். எல்லோருக்கும் அவர் முசியே, பிரெஞ்சில் ஐயா. காலையில் கோயிலில் பூசை முடிந்து நேராகக் கடைக்கு வருவார். தொப்பியை மாட்டிவிட்டு, வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு, அதன் பொத்தான்களைக் கீழிருந்து மேலாகப் போடுவார். டாக்டர் சீட்டு வந்தால் அதை வாய்விட்டுப் படிப்பார். பக்கத்தில் நிற்பவர் திருப்பிச் சொல்ல வேண்டும். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் தராசில் நிறுத்து, கலந்து, பாட்டிலில் ஊற்றி, கிழக்கு ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். தக்கையை முகர்வார். குடிக்கிற மருந்துக்கு வெள்ளை லேபிள், பூசுகிற மருந்துக்குச் சிவப்பு. கடைசியாகத் தக்கை மேல் மடிப்பு மடிப்பாக ஒரு காகிதத் தொப்பி கட்டுவார். அந்த மடிப்பு கோணினால் பிரித்து மறுபடி கட்டுவார். பாட்டில் கழுவும் அஞ்சலையக்கா உட்பட எல்லோரையும் "நீங்க" என்றுதான் கூப்பிடுவார். கோபம் வந்தால் தமிழ் போய்விடும், பிரெஞ்சு வரும். ரொம்பக் கோபம் வந்தால் பிரெஞ்சும் போய்விடும்.

கடையில் நாங்கள் நாலே பேர். முசியே, நான், அஞ்சலையக்கா, பிறகு தங்கசாமி அண்ணன். உப்பளத்துக்காரர், பல வருஷமாகக் கடை முகப்பில் நிற்பவர். மருந்தை வாடிக்கையாளர் கையில் கொடுத்து, எப்படிச் சாப்பிடுவது என்று தமிழில் சொல்லி அனுப்புவது அவர் வேலை. என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "யோவ் பிரவே, அந்த பாட்டிலை எடு. பிரவே பாஸ் பண்ணவன் பாட்டில் எடுக்கலாம், பிரான்சு ஒண்ணும் கோவிச்சுக்காது" என்பார்.

சனிக்கிழமை பிற்பகல் கதவைப் பாதி சாத்தியதும் எங்கள் மேசை கூடும். அஞ்சலையக்கா வெல்லக் காப்பி காய்ச்சிக் கொடுப்பாள். ஒவ்வொருவராக அந்த வாரம் எது சரியாகப் போகவில்லை என்று சொல்ல வேண்டும். சட்டம் ஒன்றே ஒன்று. "யாரு" என்ற வார்த்தை வரக் கூடாது. வந்தால் சொன்னவர் எழுந்து போய்த் தொட்டியில் ஊறும் பாட்டில்களைக் கழுவ வேண்டும். நான் புத்திசாலித்தனமாக ஒருமுறை "கி?" என்று பிரெஞ்சில் கேட்டுப் பார்த்தேன். "அதுவும் அதேதான், போங்க" என்று தொட்டியைக் காட்டினார் முசியே.

அஞ்சலையக்காவுக்கு மட்டும் தண்டனை நேர்மாறு. அவள் தினமும் கழுவுகிறவள். அவள் "யாரு" என்று சொல்லிவிட்டால், ஸ்டூலில் உட்கார்ந்து நாங்கள் கழுவுவதை வேடிக்கை பார்க்க வேண்டும். முதுகு வலிக்கிற வாரங்களில் அவளுக்கு வாய் அடிக்கடி தவறும்.

இந்தச் சட்டம் ஏன் என்று முசியேவிடம் கேட்டிருக்கிறேன். "சைகோன்ல ஒரு சிப்பாய்க்கு மருந்து மாறிப் போச்சு. ராணுவ அதிகாரி கொமாந்தான் உள்ள நுழையும்போதே 'யாரு?'ன்னு கத்திக்கிட்டு வந்தார். நாங்க அத்தனை பேரும் வாயை மூடிக்கிட்டோம். மறு வாரம் இன்னொரு சிப்பாய்க்கும் அதே மாதிரி மாறிச்சு" என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை.

மேசையால் நிறைய மாறியது. வெள்ளை லேபிளும் சிவப்பு லேபிளும் ஒரே இழுப்பறையில் கிடந்தன. ஒரு சனிக்கிழமை தங்கசாமி அண்ணன், "அவசரத்துல கை மாறிப் போச்சு, தக்கை போடறப்பதான் பாத்தேன்" என்றார். வேறு கடையானால் அதைச் சொல்லியிருக்கவே மாட்டார். அன்றே இரண்டு இழுப்பறைகளும் கடையின் இரண்டு கோடிகளுக்குப் போயின. எனக்கோ இது பைத்தியமாகவே பிடித்துப் போனது. வாரம் முழுக்க எது தப்பாகப் போகிறது என்று தேடிக்கொண்டே அலைவேன். "பிரவே, உனக்குத் தப்பு கிடைக்காட்டி நீயே ஒண்ணு பண்ணிடுவ போலக்குதே" என்பார் அண்ணன்.

அந்தச் சமயத்தில் ஒரு டாக்டர் முத்தியால்பேட்டையில் மில் தொழிலாளர் குடும்பங்களைப் பார்க்க ஆரம்பித்தார். அதுவரை எங்களிடம் வந்த சீட்டுகளில் பாதி வெள்ளைக்காரர் வீடு, மீதி வியாபாரிகள், உத்தியோகஸ்தர்கள். இப்போது நெசவாளிகளும் வலைக்காரர்களும் வந்தார்கள். குளிர்காலம், எங்கும் இருமல். தூக்கம் வரவழைக்கும் மருந்து கொஞ்சம் சேர்ந்த ஓர் இருமல் சிரோப்பை டாக்டர் எழுதினார். இனிப்பான சிரோப். ஒரு சனிக்கிழமை மேசையில், "வாரத்துக்குக் குடுத்த சிரோப்பை ரெண்டு நாள்ல முடிச்சுட்டு, காலி பாட்டிலோட வந்து நிக்கிறாங்க" என்று அஞ்சலையக்கா சொன்னாள். "ருசி புடிச்சுப் போச்சு, குடும்பமே உக்காந்து குடிக்குது" என்றார் அண்ணன். எல்லோரும் சிரித்தோம். முசியேவும்தான். சிரித்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டோம்.

அதற்கடுத்த வாரம், ஒரு காலை நேரம். கடை திறந்ததும் திறக்காததுமாக ஓர் ஆள் உள்ளே பாய்ந்தார். முத்தியால்பேட்டை கண்ணுசாமி, மில்லில் தறி ஓட்டுகிறவர். கையில் எங்கள் காகிதத் தொப்பி போட்ட பாட்டில்.

"யாருடா குடுத்தது இத? யாருடா? என் பொண்ணு எழுந்திரிக்க மாட்டேங்குதுடா!"

தங்கசாமி அண்ணன் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. முசியே கோட்டைக்கூடக் கழற்றவில்லை. பாட்டிலை வாங்கி என் கையில் திணித்துவிட்டு, கண்ணுசாமியின் தோளைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். தெருவில் அவர் ஓடி அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

அண்ணன் முகப்பிலேயே நின்றார். வந்தவர்களுக்கு மருந்து கொடுக்க அவருக்குக் கை வரவில்லை. நானே கொடுத்தேன்.

மத்தியானம் முசியே திரும்பினார். குழந்தைக்கு மூச்சு இருக்கிறது, கன்னத்தைத் தட்டித் தட்டித் தூங்கவிடாமல் வைத்திருக்கிறார்கள், கடுங்காப்பி புகட்டுகிறார்கள், பிழைக்குமா என்று இன்னும் சொல்ல முடியவில்லை என்றார். பிறகு எங்களைப் பார்த்தார்.

"சாயங்காலத்துக்குள்ள ஒரு பேர் வேணும்னு ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டர் கேக்குறார். இல்லாட்டி பொலீஸ் வந்து கேக்கும். சொல்லுங்க. யாரு?"

அந்த வார்த்தை அந்தக் கடையில் அப்படி விழுந்து நான் கேட்டதில்லை. அஞ்சலையக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அண்ணன் மெதுவாகத் தன் ஏப்ரனை அவிழ்த்து, மடித்து, மேசை மேல் வைத்தார். வாய் திறக்கவில்லை. வாரா வாரம் தன் பிசகை முதல் ஆளாகச் சொல்கிற மனிதர்.

அண்ணன் போய்விடுவார். அவர் பெயரை ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்ததும் கடை மறுபடி திறக்கும். ஆனால் அதே சிரோப் ஊரில் இன்னும் எத்தனை வீட்டில் இருக்கிறது! இன்று ராத்திரி இன்னும் எத்தனை பிள்ளைகள் அதைக் குடிக்கும்! யோசிப்பதற்கு முன்னால் வாய் முந்திக்கொண்டது.

"முசியே, பாட்டில் கழுவணும்."

"என்ன?"

"யாருன்னு கேட்டீங்க. தொட்டி அங்க இருக்கு."

அடிப்பாரோ என்று நினைத்தேன். அவர் முகத்தில் தமிழும் இல்லை, பிரெஞ்சும் இல்லை. பிறகு கோட்டின் பொத்தான்களை மேலிருந்து கீழாக அவிழ்த்தார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு, பின்கட்டுக்குப் போய்த் தொட்டி முன்னால் குந்தி உட்கார்ந்தார். ஒரு பாட்டிலை எடுத்துப் பிரஷ்ஷை உள்ளே விட்டார்.

"ஐயையோ, முசியே, வுடுங்க" என்று அஞ்சலையக்கா ஓடினாள்.

"இல்ல. சட்டம் சட்டம்தான்." பாட்டிலைச் சுழற்றிக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டார். "என்ன நடந்துச்சு? சீட்டு வந்ததுலருந்து சொல்லுங்க."

அவர் கழுவக் கழுவ நாங்கள் தொட்டியைச் சுற்றிக் குந்திக்கொண்டோம். மேசை அன்று அங்கேதான் கூடியது. சீட்டு வந்தபோது முசியே படித்தார், நான் திருப்பிச் சொன்னேன். சிரோப்பை முசியே கலந்தார், நான் நிறுத்தேன். லேபிள் வெள்ளை. கண்ணுசாமி கொண்டுவந்த பாட்டிலில் மீதியிருந்ததை முகர்ந்து பார்த்தோம், நாக்கில் வைத்துப் பார்த்தோம், பெரிய ஜாடியில் இருந்ததோடு ஒப்பிட்டோம். ஒரு வித்தியாசமும் இல்லை.

"அண்ணே, முகப்புல என்ன சொன்னீங்க?" என்றேன்.

கடைசியில் அவர் வாய் திறந்தார். "எப்பவும் சொல்றதுதான். காலையில ஒரு காப்பிக் கரண்டி, ராத்திரி படுக்கறப்ப ஒரு காப்பிக் கரண்டி. அந்தாளு ரெண்டு தடவை திருப்பிச் சொல்லிட்டுத்தான்யா போனாரு."

டாக்டர் சீட்டிலும் அதுவே. நான் பிரெஞ்சில் எழுதிய லேபிளிலும் அதுவே. எல்லாம் சரி. குழந்தை மட்டும் எழுந்திருக்கவில்லை.

"நம்ம கதவு வரைக்கும்தான் நமக்குத் தெரியும்" என்றேன். "வீட்டுல என்ன நடந்துச்சுன்னு அவங்களைத்தான் கேக்கணும். இங்க கூட்டிட்டு வருவோம்."

"அந்தாளு வந்தா என் சட்டையத்தான் புடிப்பான்" என்றார் அண்ணன்.

"புடிச்சா நாங்க மூணு பேரும் சேந்து இழுப்போம்ணே" என்றாள் அஞ்சலையக்கா.

முசியே கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனார். வெயில் தாழ ஒரு பூஸ்பூஸ் வண்டி, ஆள் தள்ளிக்கொண்டு வரும் அந்தச் சின்ன வண்டி, கடை வாசலில் நின்றது. கண்ணுசாமியும் அவர் மனைவி முனியம்மாவும் இறங்கினார்கள். முசியே பின்னால் நடந்து வந்தார். குழந்தை கண்ணைத் திறந்துவிட்டது! அம்மா என்று கூப்பிட்டதாம், பசிக்கிறது என்றதாம். பக்கத்தில் அதன் அத்தை இருக்கிறாள். முனியம்மாவின் கண்கள் வீங்கியிருந்தன. வீட்டில் மருந்து புகட்டியது அவள்தான். காலையிலிருந்து புருஷன் அவளையும் விட்டுவைக்கவில்லை என்பது அவள் நின்ற நிலையிலேயே தெரிந்தது.

தங்கசாமி அண்ணனைப் பார்த்ததும் கண்ணுசாமி ஆரம்பித்தார். "இந்தாளா? யாருன்னு இப்பத் தெரிஞ்சாகணும்!"

"அண்ணே, இங்க அந்த வார்த்தை சொன்னா பாட்டில் கழுவணும்" என்றாள் அஞ்சலையக்கா.

"என்னாது?"

"எங்க முசியேவே இன்னிக்கிக் கழுவினாரு. பாருங்க, அந்த வரிசை பூரா அவர் கழுவினதுதான். அழுக்கு சரியாவே போவல."

கண்ணுசாமி முசியேவின் ஈரச் சட்டையைப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் சத்தம் இறங்கியது. "மில்லுல மேஸ்திரி 'எவன்டா'ன்னுதான் ஆரம்பிப்பான். அதுக்கு மேல எங்களுக்கு வேற பேச்சே தெரியாதுங்க" என்று பெஞ்சில் உட்கார்ந்தார்.

முசியே அவர்களிடமும் அதையே கேட்டார். என்ன நடந்துச்சு? கண்ணுசாமி சொன்னார். "இவரு சொன்னாரு, காலையில ஒரு காப்பிக் கரண்டி, ராத்திரி ஒரு காப்பிக் கரண்டின்னு. அப்பிடியேதான் குடுத்தோம். ஒரு சொட்டு கூடக் குறைய இல்ல."

அண்ணன் தலையாட்டினார். நான் தலையாட்டினேன். எல்லோரும் ஒன்றையே சொன்னோம். ஒருவர் மேலும் தப்பில்லை.

"சொன்னது போதும்" என்றார் முசியே. "அம்மா, நீங்க எப்படிக் குடுத்தீங்களோ அப்படியே செஞ்சு காட்டுங்க. மருந்து வேணாம், தண்ணியில."

ஒரு பாட்டிலில் தண்ணீர் நிரப்பி முனியம்மாவிடம் கொடுத்தேன். அவள் அதை வாங்கிக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தாள். "கரண்டி?" என்றாள். நான் முகப்பு இழுப்பறையிலிருந்த சின்னக் கரண்டியை நீட்டினேன். அவள் அதைப் பார்த்துக் கையை நீட்டவே இல்லை.

"இது இல்ல தம்பி. அதோ இருக்குதே, அது."

அவள் விரல் எங்கள் அடுப்போரம் நீண்டது. அங்கே ஆணியில், வாராவாரம் எங்களுக்குக் காப்பி ஊற்றும் அஞ்சலையக்காவின் குழிக்கரண்டி தொங்கியது. வெல்லக் காப்பியைப் பானையிலிருந்து மொண்டு ஊற்றுகிற கரண்டி. முத்தியால்பேட்டையில் வீட்டுக்கு வீடு இருக்கும் காப்பிக் கரண்டி.

முனியம்மா அதை எடுத்து, பாட்டிலைச் சாய்த்து, குழி நிறைய ஊற்றிக் காட்டினாள். சிந்தாமல், கவனமாக, பிள்ளைக்குக் கொடுப்பது போலவே. பாட்டிலில் நல்ல பங்கு காலி.

பிரெஞ்சில் சின்னக் கரண்டிக்குக் காப்பிக் கரண்டி என்றுதான் பெயர். பீங்கான் கோப்பையில் சர்க்கரை கலக்குகிற, விரல் நீளக் கரண்டி. அந்தப் பெயரை அப்படியே தமிழாக்கிக்கொண்டு பல வருஷமாகச் சொல்லி வந்தோம். கோப்பையும் தட்டும் வைத்திருந்த வீடுகளில் அது சரியாகவே போய்ச் சேர்ந்தது. இரண்டு நாளில் சிரோப் தீர்ந்ததும், ருசி பிடித்துவிட்டது என்று நாங்கள் சிரித்ததும் அப்போது ஒன்றாக வந்து நெஞ்சில் உட்கார்ந்தன.

"நான் நெறைய குடுத்துட்டனா சாமி?" என்றாள் முனியம்மா.

"இல்லம்மா. நாங்க சொன்னதைத்தான் குடுத்தீங்க" என்றார் முசியே. அதைக் கண்ணுசாமியைப் பார்த்துச் சொன்னார். கண்ணுசாமி தன் மனைவியைப் பார்த்தார். பிறகு எழுந்து, கரண்டியை அவள் கையிலிருந்து வாங்கித் தானே பிடித்துக்கொண்டார்.

அடுத்த காரியம் ஓட்டம்தான். சிரோப் வாங்கிய வீடுகளின் முகவரிகளைப் பங்கு போட்டோம். அண்ணன் மறுபடி ஏப்ரனைக் கட்டிக்கொண்டார், எதற்கு என்று அவருக்கே தெரியாது, அதோடேயே உப்பளம் பக்கம் கிளம்பினார். வீராம்பட்டினத்துக்கு அஞ்சலையக்கா அதே பூஸ்பூஸ் வண்டியில் ஏறிக்கொண்டாள். "ஒரு நாளாவது வண்டியில போறேன்" என்றாள். முத்தியால்பேட்டை எனக்கு. முனியம்மா குழந்தையிடம் போய்விட, "சந்து பொந்தெல்லாம் உனக்குத் தெரியாது தம்பி, நான் வரேன்" என்று கண்ணுசாமி என் சைக்கிள் பின்னால் ஏறிக்கொண்டார். நல்ல கனமான மனிதர். நான் மிதித்த மிதி எனக்குத்தான் தெரியும்.

ஒரு வீட்டில் ஓர் அம்மா எங்களைப் பார்த்ததும் பயந்துவிட்டாள். மடியில் பிள்ளை கண் சொருகிக் கிடந்தது, கூப்பிட்டால் மட்டும் முனகியது. நான் லேபிள், அளவு என்று படபடவென்று ஏதோ சொல்ல, அவள் அழ ஆரம்பித்தாள். "நான் ஒண்ணும் பண்ணல, என் மாமியாதான் குடுத்துது" என்றாள். கண்ணுசாமி என்னைத் தள்ளிவிட்டு முன்னால் குந்தினார்.

"யாரு குடுத்ததுன்னு கேக்க வரல தாயி. எந்தக் கரண்டின்னு காட்டு."

அவள் காட்டினாள். அந்தப் பிள்ளையையும் தாயையும் அவரே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். அதுவும் பிழைத்துக்கொண்டது.

நான் கடைக்குத் திரும்பியபோது முசியே கோட்டின் பொத்தான்களைக் கீழிருந்து மேலாகப் போட்டுக்கொண்டிருந்தார். பெரிய டாக்டர் கேட்ட பெயரைக் கொடுக்கப் புறப்படுகிறார். என்னையும் வரச் சொன்னார். ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் நிமிர்ந்து, "பேர்?" என்றார். முசியே காகிதத்தில் சுற்றியிருந்ததைப் பிரித்து மேசை மேல் வைத்தார். குழிக்கரண்டி. பக்கத்தில் சின்னக் கரண்டி.

"இரண்டுக்கும் ஒரே பேர்" என்றார் பிரெஞ்சில்.

பெரிய டாக்டர் இரண்டையும் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு தன் கீழ் இருந்தவர்களை அழைத்து, ஒவ்வொருவரும் நோயாளிகளிடம் என்ன வார்த்தை சொல்கிறார்கள் என்று கேட்க ஆரம்பித்தார். நாங்கள் வந்துவிட்டோம்.

அதன் பிறகு எங்கள் பாட்டில் ஒவ்வொன்றிலும் பக்கவாட்டில் ஒரு காகிதப் பட்டை ஒட்டினோம், வேளைக்கு ஒரு வெட்டு வைத்து. காப்பிக் கரண்டி என்ற சொல் முகப்பிலிருந்து போயே போனது. மருந்து வாங்குகிறவர் திருப்பிச் சொன்னால் மட்டும் போதாது, தண்ணீர் பாட்டிலைச் சாய்த்து ஊற்றிக் காட்ட வேண்டும் என்று அண்ணனே ஏற்பாடு செய்தார். மாமாவிடமிருந்து சைகோனுக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. இந்த ஏற்பாடு எப்படிப் போகிறது என்று பார்த்துவிட்டு அடுத்த கப்பலில் வருகிறேன் என்று பதில் எழுதினேன். அந்த அடுத்த கப்பலை இன்றுவரை பிடிக்கவில்லை. வருத்தமும் இல்லை.

அடுத்த சனிக்கிழமை மேசை கூடியது. கண்ணுசாமியும் வந்திருந்தார், குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு. காப்பி கொதிக்கும் வாசனை வந்தது, காப்பி வரவில்லை. அஞ்சலையக்கா அடுப்பிலிருந்து எழுந்து வந்து, வெறும் ஆணியைப் பார்த்து, எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தாள். பெரிய டாக்டர் கரண்டியைத் திருப்பித் தரவே இல்லை.

"என் காப்பிக் கரண்டிய எடுத்துக்கினு போனது யாரு?" என்றாள், சத்தமாக, நிறுத்தி நிதானமாக.

சொல்லிவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். காலை நீட்டிக்கொண்டாள். முதலில் எழுந்தவர் தங்கசாமி அண்ணன். ஏப்ரனை இறுக்கிக் கட்டிக்கொண்டு தொட்டிப் பக்கம் போனார். பின்னால் நான், எனக்குப் பின்னால் சட்டைக் கையை மடித்துக்கொண்டே முசியே. குழந்தையை அஞ்சலையக்கா மடியில் இறக்கிவிட்டு, கண்ணுசாமியும் வந்து எங்கள் பக்கத்தில் குந்தினார்.